ஒரு வருடம் மூத்தவர்

மனிதரில் எத்தனையோ இனங்கள் உண்டு. கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத இனம், கல்யாண வீட்டில் மூன்றாம் தரம் சோறு வாங்கிக்கொண்டே சமையலைக் குறை சொல்லும் இனம், பக்கத்து வீட்டுக் குப்பைப் பையைப் பார்த்து அவர்களுடைய குடும்ப நிலவரம் முழுவதையும் சொல்லிவிடும் இனம். இவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். சிலவற்றோடு குடித்தனமும் நடத்தியிருப்பீர்கள். நான் இன்று அறிமுகப்படுத்தப் போவது இவற்றைவிட அரிதான இனம், ஆனால் ஆயுள் கெட்டி. மொன்றியல் பனியில் உறையாது, ஓய்வூதியத்தில் வாடாது, முழங்கால் மாற்றினாலும் குணம் மாறாது. அதன் பெயர் சீனியர்.

வயதில் மூத்தவரைச் சொல்லவில்லை. வயது தானாக வருவது, மாட்டுக்கும் வரும். சீனியர் பட்டம் அப்படிச் சும்மா கிடைப்பதில்லை. நீங்கள் பல்கலைக்கழகத்தில் நுழைந்தபோது அவர் அங்கே ஏற்கெனவே ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் அவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு அவர் அடுத்த அறுபது வருடங்களைக் கழித்துவிடுவார்.

இனத்தை நேரில் பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை மாலை சென்-ரெஜி வீதி முருகன் கோயிலில் சப்பாத்துக் கழற்றும் இடத்துக்குப் போங்கள். எல்லோரும் ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் கொக்குப்போல நின்று, பனிச்சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையிலும் ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்திப் புதிதாக வருகிறவர்களை நோட்டம் விடுவார். உங்கள் ஊர் எது என்று கேட்க மாட்டார். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதிலிருந்து வேறெதையோ மோப்பம் பிடிப்பதெல்லாம் சாதாரணத் தமிழரின் பொழுதுபோக்கு. சீனியர் ஒரே கேள்விதான் கேட்பார்.

“நீங்கள் எந்த பட்ச்?”

நீங்கள் பல்கலைக்கழகத்துக்குள் எடுபட்ட வருடத்தைச் சொல்கிறீர்கள். அவர் முகத்தில் ஒரு சிறு கணக்கு ஓடுகிறது. பிறகு ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைக் கண்டால் தெரிந்துகொள்ளுங்கள், அவருடைய சப்பாத்தை எடுத்து அடுக்கில் வைக்க வேண்டியவர் இனி நீங்கள்தான்.

செத்த வீட்டிலும் இந்தக் கணக்கு ஓயாது. பெட்டிக்கு முன்னால் நின்று, “எனக்கு ரெண்டு வருசம் யூனியர். முந்திப் போயிட்டான், ஒழுங்கு தெரியாத பெடியன்” என்று தலையாட்டிய ஒருவரை இதே காதால் கேட்டிருக்கிறேன். பெட்டியில் கிடந்த பெடியனுக்குக் கொள்ளுப்பேரன் இருந்தான். சென்னையில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் மணிவாசகத்தைக் கண்டால்தான் இந்த இனம் சற்றுத் திணறும். வேறு நாடு, வேறு பல்கலைக்கழகம், அளவுகோல் பொருந்தாது. ஆனால் வெகுநேரம் திணறாது. “உங்கடை முதல் வருசம் எங்கடை பள்ளிக்கூடக் கடைசி வருசம் மாதிரித்தானே” என்று ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு, அவரையும் யூனியர் ஆக்கிவிடும்.

இனி மாதிரிக்கு ஒருவரை மேசையில் கிடத்திப் பார்ப்போம். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர் தியாகராசா. மனைவி புஷ்பராணி. படித்தது மலையும் ஆறும் சேர்ந்து கிடக்கும் ஒரு பழைய பல்கலைக்கழகத்தில், ஆற்றோர விடுதியில். எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். பிரதமர்மாரும் மாணவர்களும் தொப்பி வைத்துக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அங்கேதான் படித்தேன், பெண்கள் விடுதியில். அது எந்த வருடம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தியாகராசா கேட்டபோதும் மறந்துவிட்டது என்றுதான் சொன்னேன். அன்று முதல் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறார். ஒரு பெண்ணை ஒருவர் தங்கச்சி என்று கூப்பிட்டால் மறுக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

அந்தக் காலத்து வளாக வாழ்க்கையைத் தியாகராசா சொல்லக் கேட்க வேண்டும். விவாத மேடையில் அவர் பேசத் தொடங்கினால் எதிரணி வெற்றிலை போடப் போய்விடும். வெள்ளத்தில் ஆறு கரைபுரண்டபோது வார்டனின் சைக்கிளைத் தலையில் வைத்து நீந்தினார், சைக்கிள் மணியில்கூட நீர் படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே வார்டனின் குளியலறைக் கதை. எண்பதுகளில் நான் முதன்முதல் கேட்டபோது அது ஆட்டுக்குட்டி. இரவோடிரவாக மாடியில் ஏற்றி வார்டனின் குளியலறையில் கட்டினார்கள். தியாகராசாவின் பேரப்பிள்ளைகள் பிறந்தபோது அது பசுக்கன்றாக இருந்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து கொழுத்தோம், அதுவும் கொழுத்துக் காளையானது. போன கோடையில் கேட்டபோது யானை. யானை எப்படி மாடிப்படி ஏறியது என்று நான் மரியாதையோடு விசாரித்தேன்.

“பிரெஷர்மார் பின்னாலை நிண்டு தள்ளினவை தங்கச்சி.”

பிரெஷர் என்றால் முதலாம் வருடத்தான். இந்த இனத்தின் உணவே அதுதான். அக்காலத்துப் பகிடிவதையின்படி பிரெஷர் விடுதிக்குள் சப்பாத்துப் போடக் கூடாது, சீனியர் சொல்லும்வரை உட்காரக் கூடாது, சொந்தப் பெயர் கிடையாது, சூட்டிய பட்டப்பெயரே பெயர். தவளைபோலக் கத்தச் சொன்னால் கத்த வேண்டும். அழுதவர்கள் உண்டு, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. சீனியர்கள் சொல்லும் கதைகளில் இவர்கள் வருவதில்லை, யானைதான் வரும்.

சில வாரங்கள் கழிய விடுதலை விழா நடக்கும். ஒரு மாலை, சாப்பாட்டு மண்டபத்தில் விருந்து. சீனியர்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பிரெஷரையும் சொந்தப் பெயரால் கூப்பிட்டு, கை குலுக்கி, “இரு மச்சான்” என்று கதிரை கொடுப்பார்கள். அவனும் “சரி மச்சான்” என்று சொல்லி உட்காருவான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு அடிமை நண்பனாவான்.

இப்போது ஜெராட் உள்ளே வரட்டும். ரொக்ஸ்பரோவில் இருக்கிறார். இங்கே ஒரு கல்லூரியில் நெடுங்காலம் இரசாயனம் படிப்பித்தவர். அதே ஆற்றோர விடுதி, தியாகராசாவுக்கு ஒரு வருடம் யூனியர். அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் தவளை. விடுதலை விழா நடந்த அன்று தவளைக்குக் கூகைக்கட்டு. இரண்டு கன்னமும் வீங்கி, பட்டப்பெயருக்கு முழு நியாயம் செய்தபடி நோயாளர் அறையில் கிடந்தார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கை குலுக்கவில்லை, கதிரை கொடுக்கவில்லை. நீங்களும் நானும் இதை அன்றோடு மறந்திருப்போம். தியாகராசா மறக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் ஜெராட் இன்னும் பிரெஷர்.

ஆகவே அறுபது வருடத்துக்கு மேலாக ஜெராட் பிரெஷர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கரான இவர், வெள்ளி தவறாமல் தியாகராசாவை முருகன் கோயிலுக்குக் காரில் ஏற்றிப் போகிறார். இறங்கிவந்து கதவு திறந்துவிடுகிறார். தியாகராசா வீட்டில் உட்காரச் சொல்லும்வரை நிற்கிறார். தியாகராசா சொல்ல மறந்தால் தேநீரை நின்றபடியே குடிக்கிறார். ஒருநாள் ஜெராட்டின் பழைய மாணவர்கள், இப்போது அவர்களே பேராசிரியர்கள், சுற்றி நிற்கும்போது தியாகராசா “டேய் தவளை” என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற ஜெராட்டின் பேரன் யதுர்ஷனுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வரும். தவளைக்குப் பிரெஞ்சில் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வீட்டில் அவர் ‘கிரனூய் தாத்தா’.

“என்ரை மனிசன் கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து நான் சொன்ன ஒண்டுக்கும் ஓம் எண்டதில்லை” என்பார் ஜெராட்டின் மனைவி யோகராணி. “அந்தாள் தும்மினால்கூட ஓம் அண்ணை எண்டுறார்.”

விடுதலை கேட்கவில்லையா என்று நினைப்பீர்கள். கேட்டார். மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒருமுறை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒருமுறை. இரண்டு முறையும் தியாகராசா ஒரே பதிலைத்தான் சொன்னார்: “பேந்து பாப்பம்.” பிறகு பார்ப்போமாம்.

போன மாசியில் தியாகராசாவின் இதயம் சண்டித்தனம் பண்ணியது. நகரத்து ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். வால்வு மாற்ற வேண்டும், இந்த வயதில் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். செய்தி கேட்டு எல்லோரும் கவலைப்பட்டோம், ஒரு அளவோடு. ஜெராட் மட்டும் அளவில்லாமல் கவலைப்பட்டார். மாதாவுக்கு மெழுகுதிரி, முருகனுக்கு அர்ச்சனை. மாற்று வால்வு பன்றியினதா மாட்டினதா என்று டாக்டரையே குறுக்கு விசாரணை செய்தாராம். ஒரு கூடப்பிறந்தவன்கூட இப்படித் தவிக்க மாட்டான் என்று புஷ்பராணி என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளக் கோப்பிக்கடையில் ஜெராட்டைக் கண்டேன். கோப்பி ஆறிப்போய் முன்னால் இருந்தது. விஷயத்தை அப்போதுதான் சொன்னார். பிரெஷரை விடுவிக்கும் அதிகாரம் அதே விடுதிச் சீனியருக்கு மட்டும்தான் உண்டு. அந்த வருடத்துச் சீனியர்களில் இன்னொருவர் சிட்னியில் இருக்கிறார். ஜெராட் தொலைபேசியில் அழைத்து, “அண்ணை, நான் ஆர் எண்டு தெரியுதோ?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, “அதை விடும், நான் ஆர் எண்டு உமக்குத் தெரியுமோ?” என்று பதில் வந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் தொலைபேசி இல்லாத ஊருக்குப் போய்விட்டார்கள்.

“அண்ணையும் போயிட்டால் நான் பிரெஷராத்தான் சாவன் அக்கா.”

நான் சிரித்துவிட்டேன். பெட்டிக்குள்ளும் சப்பாத்து இல்லாமலா வைப்பார்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அண்டைக்கு நோயாளர் அறை யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். எங்கடை பட்ச் முழுக்க மண்டபத்துக்குள்ளை. ஒவ்வொருத்தன்ரை பேராக் கூப்பிட்டுக் கை குடுக்கினம், கதிரை குடுக்கினம். என்ரை பேரை ஒருத்தரும் கூப்பிடேல்லை. அண்டையிலை இருந்து நான் வெளியிலைதான் நிக்கிறன்.”

பேராசிரியர் பட்டம், பென்ஷன், பூட்டப்பிள்ளை என்று எல்லாம் வாய்த்த மனிதர், எப்போதோ கிடைக்காமல் போன ஒரு கதிரைக்காக ஆறின கோப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சிரிப்பு நின்றால் எனக்குக் கெட்ட யோசனைகள் வரும். எழுந்து லிஃப்டில் ஏறினேன். ஐந்தாம் மாடி வருவதற்குள் பெண்கள் விடுதிக்கு ஒரு புதிய சட்டம் இயற்றி முடித்தேன்.

அறையில் தியாகராசா கட்டிலில் சாய்ந்திருந்தார். முதுகு திறந்த ஆஸ்பத்திரிச் சட்டை, மூக்கில் குழாய், நெஞ்சில் கம்பிகள், பக்கத்தில் துடிப்பைக் காட்டும் யந்திரம். அந்தக் கோலத்திலும் இரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதி சாருஜாவிடம் எந்த பட்ச் என்று விசாரித்து, மொன்றியலில் பிறந்து பிரெஞ்சில் படித்த அந்தப் பிள்ளை விழித்ததும், “பரவாயில்லை, எப்பிடியும் யூனியர்தான்” என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பராணி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என் பின்னாலேயே வந்த ஜெராட், தியாகராசாவின் பனிச்சப்பாத்து இருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டில் காலடியில் போய் நின்றார். பக்கத்தில் கதிரை காலியாக இருந்தது. சாருஜா இரண்டு தரம் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

“தியாகராசா, நான் எந்த பட்ச் எண்டு நீங்கள் பிறகு ஒருநாளும் கேக்கேல்லையே?”

“முந்திக் கேட்டனான் தங்கச்சி. மறந்துபோச்சு எண்டு சொன்னனீர்.”

“இப்ப ஞாபகம் வந்திட்டுது.”

குனிந்து அவர் காதுக்குள் வருடத்தைச் சொன்னேன். புஷ்பராணியும் கழுத்தை நீட்டினார். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன். தியாகராசாவின் முகத்தில் அந்தச் சிறு கணக்கு ஓடியது. ஆனால் இந்தமுறை முடிவில் புன்னகை வரவில்லை. யந்திரம் இரண்டு துடிப்புக்கு நடுவே சற்று யோசித்தது.

“பொம்பிளையளின்ரை விடுதி கணக்கிலை இல்லை” என்றார் கடைசியில்.

“அப்பிடியோ? பிரெஷரா வந்த புதிசிலை எங்கடை விடுதிக்கு முன்னாலை தலையிலை தலகணி உறையோடை நிண்டு, லைற் போஸ்ற்றைக் கட்டிப்பிடிச்சு, என்னைக் கலியாணம் முடிப்பீரோ எண்டு கேட்டது ஆர்?”

புஷ்பராணியின் கையிலிருந்த தோடம்பழச் சுளை அந்தரத்தில் நின்றது. “என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லையே. இவற்ரை தமையன்தான் வந்து கேட்டவர்” என்றார். பிறகு சற்று யோசித்து, “லைற் போஸ்ற் என்ன சொன்னது?” என்றார்.

நான் விடவில்லை. வாரம் தவறாமல் அவருடைய அம்மா தபாலில் அனுப்பிய வறுத்த கொத்தமல்லிப் பொட்டலத்தை வைத்து அவருக்கு நாங்கள் சூட்டிய பெயர் ஒன்று உண்டு. யானைக் கதைகள் வளர்ந்துகொண்டே போன இத்தனை வருடங்களில் அவர் கவனமாகப் புதைத்து வைத்திருந்த பெயர்.

“கொத்தமல்லி” என்றேன், மேல்மாடத்தில் நின்று கூப்பிடும் பழைய குரலில். “நிமிந்து இரு.”

நம்பினால் நம்புங்கள். எஞ்சினியர் தியாகராசா, கம்பியும் குழாயுமாக, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓம் அக்கா.”

தங்கச்சி போயிற்று. வலிக்காமல் இல்லை. அந்த வலியோடேயே சட்டத்தைச் சொன்னேன்: ஆண்கள் விடுதி அவரை விடுவித்திருக்கலாம், பெண்கள் விடுதி விடுவிக்கவில்லை, ஆகவே அவரும் பிரெஷர்தான், நான் உயிரோடு இருக்கும்வரை என் சொல்லைத் தட்ட முடியாது. எழுதாத சட்டத்துக்குத்தான் இந்த இனம் அடங்கும். தியாகராசா அடங்கினார்.

“ஜெராட்டை விடு.”

அவர் கூரையைப் பார்த்தார். ஜெராட்டைப் பார்த்தார். அந்தச் சப்பாத்துப் பையைப் பார்த்தார். தியாகராசாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் தூர தேசத்தில். தொலைபேசியில்தான் சுகம் கேட்பார்கள். அவர் சொன்னது எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லச் சொன்னார்.

“விட்டால் பேந்து உவன் ஏன் வரப்போறான்?”

வேடிக்கையாக எழுத உட்கார்ந்த ஒரு கட்டுரையில் ஒருவர் திடீரென்று இப்படி உண்மை பேசினால் எழுதுகிறவள் என்ன செய்வாள்? நான் யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தேன். ஜெராட் தன் கதிரைக்காகக் காத்து நின்றார்.

தியாகராசா ஊசி குத்தியிருந்த கையை நீட்டினார்.

“ஜெராட்” என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. “இரு மச்சான்.”

ஜெராட் பையைக் கீழே வைத்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். கதிரையில் உட்கார்ந்தார். “ஓம் அண்…” என்று தொடங்கி நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சரி மச்சான்” என்றார்.

பிறகு சீனியருக்கு முன்னால் காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டார். சுதந்திர மனிதராக அவர் பேசிய முதல் வசனத்தை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

“மச்சான், உன்ரை சப்பாத்து சரியா நாறுது.”

வால்வு நன்றாகப் பொருந்தியது. பன்றியினுடையதுதானாம், கோயிலில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், நானும் யாருக்கும் சொல்லவில்லை. தியாகராசா வீடு திரும்பி, உடம்பு தேறி, முதல் வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானத்திலிருந்தே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றாராம். புஷ்பராணி உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. தான் வேண்டுமானால் டாக்சி பிடிக்கட்டுமா என்று கேட்டார், அதற்கும் யன்னலை விட்டு அசையவில்லை. வழக்கமான நேரம் வந்தது, போனது. வீதியில் வந்த ஒவ்வொரு காருக்கும் தலை திரும்பி, திரும்பி, பிறகு திரும்புவதையும் விட்டுவிட்டது.

அப்போது வாசலில் ஹோர்ன் அடித்தது. எனக்குத் தெரியும், நான் அந்தக் காரின் பின்சீட்டில் இருந்தேன். ஜெராட்டின் ஓட்டத்துக்கு அதைவிட வேகமாக வர முடியாது.

ஜெராட் இறங்கவில்லை. தியாகராசா தடியை ஊன்றிப் பனியில் மெல்ல நடந்து வந்து, காருக்குப் பக்கத்தில் சிறிது நேரம் பழக்கதோஷத்தில் நின்றார். கண்ணாடி கீழே இறங்கியது.

“கையில்லையோ மச்சான்? கதவைத் திறந்து ஏறு.”

திறந்து ஏறினார். கோயில் போய்ச் சேரும்வரை இருவரும் சண்டை பிடித்தார்கள். யானை ஆட்டுக்குட்டிதான் என்று ஜெராட் அடித்துச் சொன்னார்; அதை மாடிக்குத் தூக்கிப் போனதே தான்தானாம், குட்டி சட்டையை நனைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். தியாகராசா கடைசியில் கன்றுவரை இறங்கி வந்தார்.

கோயில் வாசலில் கார் நின்றதும் அவர் முந்தி இறங்கி, பின்கதவைத் திறந்து, என் கைப்பையை வாங்கிக்கொண்டார். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நான் ஒற்றைக் காலில் நிற்க, குனிந்து என் சப்பாத்தை எடுத்து அடுக்கில் வைத்தார். வெள்ளிதோறும் இப்போது இதுதான் ஒழுங்கு. தன்னை எப்போது விடுவிப்பேன் என்று போனவாரம் பணிவோடு கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிலில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போயிற்று.

சரி, இந்த நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது. உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான் தியாகராசாவின் காதுக்குள் ஒரு வருடத்தைச் சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில் நீங்களும் புஷ்பராணி மாதிரிக் கழுத்தை நீட்டினீர்கள். தொப்பி, கொள்ளுப்பேரன், வால்வு என்று கிடைத்த துண்டுகளையெல்லாம் கூட்டிக் கழித்து, இவள் எந்த பட்சாக இருப்பாள், நமக்கு முந்தியா பிந்தியா என்று இதைப் படிக்கும்போதே மனதுக்குள் ஒரு சிறு கணக்கு ஓட்டினீர்கள்.

ஓட்டவில்லை என்றால் நல்லது. ஓட்டினீர்கள் என்றால், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். உங்கள் வருடத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.